ஒரே ஒரு ‘கர்ரக்’

“இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கோங்க மச்சான். வெட்கப்படாதீங்க!”

மெக்கானிக் ஷெட்டின் வாசலில் பலகை போட்டு விருந்து நடந்தது. மாப்பிள்ளை இப்படி விழுந்து விழுந்து கவனித்து மாமியார் வீட்டார் இதுவரை பார்த்ததில்லை. மச்சான்கள் இருவரும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். பாவம், அவனுக்கு வேண்டியது அவர்களுடைய பாசமல்ல, எடை!

விஷயம் இதுதான். அவன் தன் காருக்கு உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கும் அகலமான டயரும் போட்டிருந்தான். வண்டி பாயப்போகிற பூனை மாதிரி தரையோடு பம்மி நின்றது. காலையிலிருந்து அதை எத்தனை தடவை சுற்றிவந்தான் என்று அவனுக்கே தெரியாது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “பிள்ளைங்க போற வண்டிங்க. ஆள் நிறைய ஏத்தி ஓட்டிப் பாருங்க. எங்கயாவது உரசி ஒரு சத்தம் கேட்டாலும் சரி, எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழசையே மாட்டணும்.”

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. வண்டி தாழ்ந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி சுருங்கும். டயரும் அகலமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆள் ஏறிய வண்டி மேட்டிலோ பள்ளத்திலோ குலுங்கும்போது டயர் எழும்பி மட்கார்டின் உள் ஓரத்தில் படும். அந்த ஓரம் கத்தி மாதிரி டயரைச் சீவிவிடும்.

அதனால்தான் மெக்கானிக் அந்த ஓரத்தைச் சூடுகாட்டி, பெயிண்ட் வெடிக்காமல், பதமாக உள்பக்கம் மடித்துவிட்டிருந்தார். சக்கரங்களின் மேல்பாகத்தைத் துளி உள்ளே சாய்த்தும் வைத்திருந்தார். கடைசியாக, மடித்த ஓரம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தார்.

“பொய் சொல்லாத சாட்சி சார் இது. உரசினா அழிஞ்சிருக்கும். அழியலைன்னா உரசலை. அவ்வளவுதான்.”

மாமியார் தன் காரை ஓரங்கட்டிவிட்டு வந்தார். இவனுடையதும் அதே மாடல்தான், நிறம் மட்டும் வேறு. மாப்பிள்ளையின் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“இது காரா, தரையில விரிச்ச பாயா? ஏறணும்னா முதல்ல மண்டி போடணும் போலிருக்கே!”

ஏறி உட்கார்ந்ததும் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். புது டயர் வாடை குமட்டுகிறதாம்.

அவருக்குப் பக்கத்தில் மச்சான்கள் ஏறியதும் வண்டி இன்னும் இரண்டு விரல் அமுங்கியது. மாப்பிள்ளைக்குப் பூரிப்பு. விருந்து வீண்போகவில்லை! தெருமுனை வருவதற்குள் உண்ட மயக்கத்தில் இருவரும் தூங்கிவிட்டார்கள். முன்னால் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேகத்தடை வந்தது. அதில் நேராக ஏறக்கூடாது, குறுக்காக ஏற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மூலையாக முழுசாக அமுங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினான். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. சத்தமே இல்லை. பின்சக்கரம் ஏறியது.

கர்ரக்!

“கேட்டுதா?” என்றாள் மனைவி.

“உன் தம்பி குறட்டையா இருக்கும்டி!”

“அவன் குறட்டையைப் பிறந்ததுலேர்ந்து கேக்கறேன். அது இது இல்லை.”

ஷெட்டுக்குத் திரும்பினார்கள். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். சாக்பீஸ் வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“சார், இது உரசவே இல்லையே!”

“அப்போ சத்தம்?” என்றாள் மனைவி.

மெக்கானிக் மறுபடி குனிந்து டார்ச் அடித்தார். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “இன்னொரு ரவுண்டு!” என்று துள்ளி ஏறினான்.

“பின்னாடி ரொம்ப இடிக்குதுடி” என்று மாமியார் மகளோடு இடம் மாறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் வண்டியோடு கூடவே ஓடிவந்தார். நேரான சாலை, சின்னதாக ஒரு பள்ளம்.

கர்ரக்! இந்தத் தடவை முன்பக்கத்திலிருந்து.

“ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சாத்தான் சார் முன்டயர் உரசும்” என்றார் மெக்கானிக், மூச்சு வாங்க. “நேராப் போற வண்டியில எப்படி?” குனிந்து பார்த்தார். அங்கேயும் சாக்பீஸ் கலையவில்லை.

“சாக்பீஸாவது, சுண்ணாம்பாவது! ரெண்டு காதாலயும் கேட்டேன்” என்றாள் மனைவி. “பேச்சுன்னா பேச்சுங்க. கழட்டச் சொல்லுங்க.”

மாமியார், பொத்திய கைக்குட்டையை எடுக்காமலே, ஐயோ பாவம் என்று தலையாட்டினார்.

வண்டி லிஃப்டில் ஏறியது. சக்கரங்கள் கழன்றன, பளபளப்பான ஸ்பிரிங்குகள் கழன்றன. மாப்பிள்ளை அழாத குறையாக, அடுக்கிவைத்த டயர்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்து விடைபெற்றுக்கொண்டிருந்தான்.

அவன் அங்கே இருப்பது தெரியாமல் இந்தப் பக்கம் மாமியாரின் குரல் ரகசியமாகக் கேட்டது. “தம்பி, இதெல்லாம் என் வண்டிக்கும் பொருந்தும்ல? அப்படியே அதுல மாட்டிடு. மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்.”

“பொருந்தும்மா. ஆனா இதுல உரசின மாதிரி உங்க வண்டியிலயும் உரசுமே?”

“நான் வாயை மூடிக்கிட்டு ஓட்டினா உரசாதுப்பா.”