நாலு மணிக்குள் மொய்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் திருநீர்மலை ரங்கநாதர் கேட்கட்டும். பிரியாணி அண்டாவின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

அனகாபுத்தூர் சமுதாயக் கூடத்தில் சூர்யாவின் மகளுக்குத் தொட்டில் விழா. தொட்டிலில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. பக்கத்தில் பட்டுப்புடவையில் சூர்யாவின் மனைவி அனுப்பிரியா. அவள் குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை; மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூர்யாவுக்கு உட்கார முடியவில்லை. மொய் மேசைக்கும் வாசலுக்குமாக அலைந்தான்.

“எவ்ளோ ஆச்சு மச்சான்?”

“எழுபத்தி ரெண்டாயிரம்,” என்றான் மொய் எழுதிக்கொண்டிருந்த நண்பன் காலேப். “இப்பத்தான கேட்ட? ரெண்டு நிமிசத்துல குட்டி போடுமா?”

“இன்னும் இருபத்தெட்டு வேணும்டா. மணி மூணாயிடுச்சு.”

சூர்யாவின் மகள் இருந்தது தாம்பரத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில், ஒன்றேகால் கிலோ எடையில். ரத்தத்தில் ஒரு கிருமி. வழக்கமான மருந்து எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அதை அசைக்கிற ஊசிக்கும் பெட்டுக்கும் நாளொன்றுக்கு இருபத்திரண்டாயிரம், பதினாலு நாளைக்கு. ஆறாவது நாளே சேமிப்பும் வண்டியும் தாலிக்கொடியும் தீர்ந்தன. இன்று நாலு மணிக்குள் ஒரு லட்சம் கட்டினால்தான் அடுத்த ஊசி.

காலேப்தான் வழி சொன்னான். “ஆஸ்பத்திரிக்குப் பாக்க வர்றவன் ஆப்பிள் வாங்கினு வருவான். விசேசத்துக்கு வந்தாத்தான், நீ வெச்ச மொய்யத் திருப்பி வெப்பான்.”

ஆகவே விழா. சாமியானா கடன், மூணு அண்டா பிரியாணி கடன், பட்டுப்புடவை இரவல். குழந்தையும் இரவல். பம்மலில் தெரிந்த வீடு என்றான் காலேப். அதற்குமேல் கேட்க சூர்யாவுக்குப் பொழுதில்லை.

குழந்தை வீறிட்டது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ரத்தினபாய் நெற்றியைச் சுருக்கினாள். “இருபத்தஞ்சு நாளுன்னு சொன்னாங்க. அதுக்குள்ள தல நிக்குதே?”

நாலு தலைகள் திரும்பின.

கிளியம்மாள் எழுந்து வந்தாள். தெருவில் யார் யாருக்கு எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பதை நாற்பது வருடமாக மனப்பாடமாக வைத்திருப்பவள். ஐம்பது ரூபாய் குறைந்ததற்காகச் சாப்பிட்ட இலையிலிருந்து ஆளை எழுப்பியவள். தொட்டிலுக்குள் கையை விட்டு, குனியாமலேயே தட்டினாள். அழுகை நின்றது.

“கண்ணாடி போட்டுனு பாருடி ரத்தினா. அந்த மூக்கு அப்பிடியே சூர்யா.”

கிளியம்மாளே சொன்ன பிறகு பேச்சேது? ரத்தினபாய் பந்திக்கு நகர்ந்தாள்.

மூன்றரைக்கு எழுபத்தைந்தாயிரம். பந்தி காலி. காலேப் பேனாவை மூடப்போன நேரத்தில் கிளியம்மாள் மேசைக்கு வந்து, சுருக்குப்பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து வைத்தாள். எண்ணினால் இருபத்தைந்தாயிரம்.

“அக்கா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் வெச்சது ஐந்நூறுதான்,” என்றான் சூர்யா.

“கணக்கு எனக்குத் தெரியும். நீ எழுது காலேப்பு.”

ஊரை ஏமாற்றியது சூர்யாவுக்கு உறுத்தவில்லை. இவளை ஏமாற்ற மனம் வரவில்லை. “அக்கா, ஒண்ணு சொல்லணும். தொட்டில்ல கீற புள்ள...”

“பசி தாங்காது அது. சீக்கிரம் பம்மலுக்கு அனுப்பி வையி, என் பேத்திடா.”