வைத்தியரின் மயக்கம்

ஞாயிறுதோறும் பீளமேட்டில் ஒரு மாடி அறையில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கதையை நடத்துவது நான். எங்களோடு ஆடிய தயாநிதி இறந்து இரண்டு வருடங்களாகியும், அவருடைய வைத்தியர் பாத்திரத்தை அவர் பேச்சைப் பழக்கிவைத்த ஒரு சின்ன ஏ.ஐ. பெட்டி அவர் குரலிலேயே ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி பரிமளமும் விளையாடுவார்.

மே மாதம், கதையில் வைத்தியரைப் பாம்பு கடித்தது. அவர் தயாரித்த மருந்தையே பரிமளம் அவருக்குக் கொடுத்தார். சொந்த மருந்து பலிக்குமா என்று ரூல்ஸ் புத்தகத்தில் இல்லை. எங்களைப் போன்ற குழுக்களுக்கெல்லாம் ரூல்ஸ் வகுக்கும் லீக் தலைமைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரும்வரை வைத்தியருக்கு மயக்கம்; பெட்டி பேசாது.

"நீங்களே ஒண்ணு சொல்லிருங்களேன் தம்பி," என்றார் பரிமளம்.

சொல்லியிருக்கலாம். நடத்துபவர் சொன்னால் செல்லும். ஆனால் லீக்கில் என் மேல் அதுவரை ஒரு புகார்கூடக் கிடையாது.

"லீக்குல இருந்து ரூல்ஸ் அப்டேட் வந்துரட்டுங்க்கா."

"வந்துருச்சுங்களா?" என்று வாராவாரம் கேட்டுவிட்டு, பேசாத பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிவிட்டுப் போவார். ஒன்பதாவது வாரம் அவர் வரவில்லை. மாரடைப்பில் போய்விட்டார் என்றார்கள்.

பதினோராவது வாரம் அப்டேட் வந்தது. ஒரே வரி: மருந்து பலிக்கும். பெட்டியை எழுப்பினேன்.

"அட, மயங்கிட்டனா," என்றது தயாநிதியின் குரல். "பரிமளம் எங்கீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூல்ஸில் இல்லாத ஒன்றை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

"வந்துட்டிருக்காங்க."