டபுள் மேஜர் எழுதுங்க

"ஏஐ வேண்டாம். டபுள் மேஜர் எழுதுங்க."

மூன்றாவது தடவையாக விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் சேர்க்கை மேசைக்காரர். கசங்கிய சட்டை, விரலெல்லாம் பிரிண்டர் மை.

கண்டக்டரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அரை நாள் லீவு போட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மகளை இழுத்துக்கொண்டு காலேஜுக்கு ஓடி வந்திருக்கிறாள். நாலு மணியோடு சேர்க்கை முடிகிறது. மணி இப்போது மூன்றேகால்.

"ஏன் சார், என் பொண்ணு மார்க் பத்தாதா?"

"தாராளமா பத்தும்."

"சீட் இல்லையா?"

"இருக்கு."

"இருந்துமா தர மாட்டேங்கிறீங்க?"

"கம்ப்யூட்டரும் கணக்கும் சேர்த்துப் படிக்கட்டும்மா. ரெண்டு பாடமும் உருப்படியா இருக்கும். சொன்னாக் கேளுங்க."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிப் பட்டம்' என்று காலேஜ் விளம்பரம் வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. அதற்காகவே கண் விழித்துப் படித்து மார்க் வாங்கியவள்.

"அம்மா, எனக்கு டபுள் மேஜர் வேண்டாம்மா" என்றாள் அழாக்குறையாக.

அந்த நேரம் பார்த்து டை கட்டிய நிர்வாக அதிகாரி வரிசையோரமாக நடந்து வந்தார். "ஏஐ எடுங்க, எதிர்காலமே உங்க கையில!" என்று ஆளுக்கொரு சிரிப்பு வழங்கிக்கொண்டே போனார். அவர் தாண்டிப் போகிறவரை மேசைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா? பெரிய மனுஷரே எடுக்கச் சொல்றாரு. நடுவுல நீங்க யாரு சார்?"

"நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"என் பொண்ணுக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும். ஏஐ துறைத் தலைவர் எங்க இருப்பாரு? அவர்கிட்டயே கேக்கறேன்."

மேசைக்காரர் ஒரு கணம் தயங்கினார். "ரெண்டாவது மாடி. கடைசி ரூம்."

தினம் ஆயிரம் பேரை ஏற்றி இறக்கி, அத்தனை பேர் வாய்க்கும் பதில் சொல்கிறவள் இதற்கா அசருவாள்? "வாடி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியேறினாள்.

அறை பூட்டியிருந்தது. கதவில் பளபளவென்று புதுப் பலகை. கண்ணாடி வழியே பார்த்தால், பெட்டியைக்கூடப் பிரிக்காத கம்ப்யூட்டர்கள்.

"எல்லாம் புத்தம் புதுசுடி! இதை விட்டுட்டு வேற எதையோ படிக்கணுமாம்."

பின்னாலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்தார் மேசைக்காரர்.

அவளுக்கு அடக்கி வைத்த கோபமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "இங்கயும் வந்துட்டீங்களா? காக்கிச் சட்டையப் பாத்ததும் இளக்காரம்! கண்டக்டர் பொண்ணுக்கு இந்தப் படிப்பு எதுக்குங்கற நெனப்பு. தலைவர் வரட்டும், உங்க வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏத்தறேன்!"

அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தார்.

"கீழ அத்தனை பேர் முன்னாடி சொல்ல முடியலம்மா. சொன்னா இன்னிக்கே என் வேலை போயிடும்" என்றார் தணிந்த குரலில். "அந்தத் துறைத் தலைவர் நான்தான். பாடம் எடுக்கப் போறதும் நான் ஒருத்தன்தான்."

கண்டக்டரம்மா திகைத்துப் போனாள். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. "உங்க துறைக்கு ஒரு நல்ல பிள்ளை வர்றதை நீங்களே தடுப்பீங்களா சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் படிச்சது கெமிஸ்ட்ரிம்மா."