மூன்றாவது காதடைப்பான்

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குள் தினமும் பைக்கில் மருந்துப் பெட்டிகள் கொண்டுபோகும் செல்வினுக்கு, வீடு திரும்பிய பிறகும் தலைக்குள் காற்று இரைந்துகொண்டே இருந்தது. மனைவி ஜெபாதான் காதடைப்பான் வாங்கலாம் என்று அவனை ஹெல்மெட் கடைக்கு இழுத்து வந்தாள். ரப்பரில் செய்தது, ஹெல்மெட் மாட்டியதும் குத்தி வலித்தது. இன்னொன்று வழுக்கி வெளியே வந்தது. மூன்றாவது பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. அதை விரலால் உருட்டி வலது காதுக்குள் செருகினான். உள்ளே அது மெல்ல விரிந்து பொருந்தியது; வலியே இல்லை. கடை வாசலில் லாரிகள் ஓசையின்றி மிதந்து போயின.

“இதுதான் ஜெபா! ஒரு சத்தமும் கேக்கல!” என்று கத்தினான்.

சிரித்துக்கொண்டிருந்த ஜெபாவின் முகம் மாறியது. அவன் கையைப் பிடித்து விரித்தாள். இடது காதுக்கானது இன்னும் உள்ளங்கையிலேயே இருந்தது.

செல்வின் இடது காதருகே விரலைச் சொடுக்கினான். இன்னும் பலமாகச் சொடுக்கினான். ஜெபா அந்தப் பக்கம் வந்து, காதோடு வாய் வைத்துக் கூப்பிட்டாள்.

“கூப்பிடு” என்றான் அவன். “இன்னொருக்கா கூப்பிடு.”

அவளுடைய சூடான மூச்சு மட்டும் மறுபடியும் காதில் பட்டது.