வெறும் நிறம்தான்

இடுப்புக்குக் கீழே பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு படுக்கையில் ஏறிய பேச்சி, டாக்டரின் கையில் கத்தி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். கத்தி இல்லை. டார்ச் லைட் போல ஒன்று இருந்தது, அதன் முனையில் வட்டக் கண்ணாடி.

“வெட்டப் போறீங்களா டாக்டரம்மா?”

“வெட்டல்லாம் இல்ல சேச்சி. இது கேமரா. படம் மட்டும்தான் எடுக்கறேன், பேடிக்காம, பயப்படாம படுத்துக்கோங்கோ” என்றார் டாக்டர் ஸ்நேஹா. அவருடைய பாலக்காட்டுத் தமிழில் பாதி மலையாளமாக இருந்தது.

பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். மனசு மூடவில்லை.

நீர்க்கடுப்பு என்று பள்ளுருத்தியில் ஒரு டாக்டரிடம் போனபோதுதான் அது தெரியவந்தது. மறைவிடத்தின் உட்தோலில், மை சிந்தியதுபோல ஒரு கறுப்பு. ‘பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க, வெட்டி டெஸ்ட் பண்ண வேண்டி வரலாம்’ என்று அவர் சொன்னதிலிருந்து பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் வந்தது. மட்டாஞ்சேரிக் கிடங்கில் கூட உட்கார்ந்து சுக்கு பிரிக்கும் பொன்மணியிடம், யாருக்கோ வந்ததுபோல விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள். “அந்த இடத்துல கறுப்பா? புருசன் எங்கயோ போய் வாங்கிட்டு வந்ததாத்தான் இருக்கும்” என்று பொன்மணி சுக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டாள்.

பேச்சியின் புருஷன் நல்லசிவம் லாரி ஓட்டுகிறான். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர நாளாகும். போன தடவை வந்த கொஞ்ச நாளிலேயே இடுப்பு வலி என்று தனியாகப் படுக்கத் தொடங்கியிருந்தான். பொன்மணி சொன்ன பிறகு அந்த இடுப்பு வலி பேச்சிக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவன் சட்டைப் பையைத் துழாவினாள். சட்டையை மோந்து பார்த்தாள். அவன் போனில் பேசினால் கதவோரம் நின்றாள். ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாததே இன்னும் அரித்தது.

இன்று காலையில், “தோல் டாக்டரப் பாக்கத் தேவராவுக்குப் போறேன்” என்று மட்டும் சொன்னாள். மார்க்கெட்டுக்குப் போனால்கூட எதுக்கு, எப்ப வருவே என்று குடைகிறவன், எதுவுமே கேட்கவில்லை. பதில் சொல்கிற சங்கடம் மிச்சம் என்று அவளும் படியிறங்கிவிட்டாள்.

கண்ணாடி முனை மெல்ல நகர்ந்தது. டாக்டர் அதை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்.

“ஒரு ஓரம் மட்டும் தெளிவா இல்ல. இன்னொரு மெஷின்ல பார்த்துடலாம்.”

அடுத்த அறைக்குப் போவதற்குள் பேச்சி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டாள். அந்த மெஷினிலும் ஊசியில்லை, கத்தியில்லை. குளிர்ந்த களிம்பைத் தடவி, விளக்கு வைத்த ஒரு முனையை அழுத்தினார்கள். தோலுக்குள்ளே இருப்பதை வெளியிலிருந்தே காட்டுமாம்.

“எழுந்து வந்து பாருங்கோ” என்று டாக்டர் முதலில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். தவிட்டு நிறத்தில் கோடு கோடாக, கைரேகை மாதிரி இருந்தது. “நீலம், சாம்பல், வெள்ளைன்னு கலந்து கிடந்தா நானே பேடிச்சிருப்பேன். இது அப்படி இல்ல. மத்த மெஷின்ல உள்ளேயும் பார்த்துட்டேன், எல்லாம் ஒழுங்கா இருக்கு. கேன்சர் இல்ல. வெட்டவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்கோ, இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்.”

பேச்சி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. “அப்ப... யாருகிட்ட இருந்தாவது ஒட்டுனதா டாக்டரம்மா இது?”

டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “யாரும் தந்ததில்ல சேச்சி. இது ஒட்டற நோயே இல்ல. சிலருக்கு உதட்டுல கறுப்பு இருக்குமே, அதுமாதிரி. வெறும் நிறம்தான்.”

பஸ்ஸில் உட்கார்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. பாவம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக வண்டி ஓட்டும் மனுஷன். அவனைப் போய் என்னென்ன நினைத்துவிட்டோம். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தோப்பும்படியில் இறங்கி அவனுக்குப் பிடித்த அயிலை மீன் வாங்கிக்கொண்டாள்.

நல்லசிவம் லோடுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தான். அவளைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினான். தனக்காக இப்படித் தவித்துப்போயிருக்கிறானே என்று பேச்சி உருகிப்போனாள்.

“ஏங்க, உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“எனக்கு... கீழ, அந்த இடத்துல ஒரு இதுவா இருந்துச்சு. அதான் டாக்டர்கிட்ட...”

அவள் முடிப்பதற்குள் நல்லசிவத்தின் முகம் வெளுத்துப்போனது.

“உனக்கும் ஒட்டிக்கிடுச்சா, பேச்சி?”