மூடியில் இருந்த பேர்

கீபோர்டு பழுதான லேப்டாப்பின் பேட்டரியைக் கழட்டி, அடியில் இருந்த கம்பெனி பேரையும் நம்பரையும் காட்டினாள் மெக்கானிக் கிருஷ்ணவேணி.

"செஞ்சது இந்தக் கம்பெனி சார். மூடியில இருக்கிறது வித்த கடையோட பேரு. இந்த நம்பரைச் சொன்னா வேற கீபோர்டு கிடைச்சிடும்."

லேப்டாப்பைக் கொண்டுவந்த ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது.

"எவனோ செஞ்சதுக்கு இவன் பேரா? அநியாயமா இருக்குதேம்மா!"

"வியாபாரத்துல சகஜம் சார்."

"செஞ்சவன் பேரை மறைக்கிறது ஒரு பொழப்பா?"

அவருடைய செல்போன் அடித்தது. கடை மேனேஜர்.

"முதலாளி, சின்ன காஞ்சிபுரம் தறிக்காரரு பட்டுப்புடவை கொண்டாந்திருக்காரு."

"வாங்கி வைப்பா. எல்லாத்துலயும் நம்ம கடை பேரைத் தச்சு, ஷோகேஸ்ல போட்டுடு."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணவேணியிடம் திரும்பினார்.

"எங்கம்மா விட்டேன்? ஆங்... அநியாயம்!"