ரெண்டு சீட்டு வண்டி

"ஒரு வருசமா ஓடாம நின்னா துருப் பிடிக்காம என்ன செய்யும் மொதலாளி?"

பட்டாசுக் கம்பெனி மெக்கானிக் முனியராஜ், அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டைக் கழற்றி, வயர் பிரஷால் துருவைத் தேய்த்தெடுத்து, சூடு தாங்கும் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தான்.

"வித்துரப் போறேன்," என்றார் ராஜபாண்டியன்.

"உசுரா வச்சிருந்த வண்டியாச்சே!"

"ரெண்டு சீட்டுதானப்பா இருக்கு. பத்தல."

"பேரன் பொறந்துட்டானாக்கும்?" என்று சிரித்தான் முனியராஜ்.

ராஜபாண்டியன் சிரிக்கவில்லை.

"போன வருசம் கம்பெனியில வெடிச்ச அன்னைக்கு, அங்கன நின்னது இந்த வண்டி மட்டுந்தான். நீ ஒரு பக்கம் பேச்சு மூச்சில்லாம கிடந்த. உன் பொஞ்சாதி மாரிசெல்வி ஒரு பக்கம் தீக்காயத்தோட. எம் பக்கத்துல இருந்தது ஒரே சீட்டு. மாரிசெல்விதான், 'அவுகளக் கொண்டு போங்க'ன்னு உன்னையக் கை காட்டுனா. நான் திரும்பி வர்றதுக்குள்ள..."

வெடித்த அந்த நிமிஷமே அவள் போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் முனியராஜிடம் சொல்லியிருந்தார்கள்.

முனியராஜ் பானட்டை இறக்கி மூடினான்.

"எஞ்சின் சூடேறுனாத்தான் பெயின்ட் பிடிக்கும். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வாங்க."

"நீயும் ஏறு."

முனியராஜ் இடது பக்கச் சீட்டைத் துணியால் துடைத்தான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"இந்த நடை அவ உக்காந்து போகட்டும் மொதலாளி."